மோட்டார் சைக்கிளில் பின்னால் அமர்பவருக்கு நல்ல சாய்மானம்

மோட்டார் சைக்கிளை ஓட்டிச் செல்பவருக்குப் பற்றிக்கொள்ளக் கைப்பிடி உண்டு. எதிரே பாதை தெரிகிறது. பள்ளம் வருமுன் உடலை அதற்கேற்ப அமைத்துக்கொள்ள அவகாசமும் உண்டு. அவருக்குப் பின்னால் அமர்ந்திருப்பவருக்கோ இவற்றுள் ஒன்றும் முழுமையாகக் கிடைப்பதில்லை. வண்டி புறப்படும்போது அவருடைய உடல் பின்னே சாய்கிறது. நிற்கும்போது முன்னே சரிகிறது. பள்ளத்தில் இறங்கும்போது முன்னறிவிப்பு ஏதுமின்றித் தூக்கிப் போடப்படுகிறது. இந்த அசைவுகள் அனைத்தையும் இடுப்பைச் சுற்றியுள்ள தசைகளே எதிர்த்து நிற்கவேண்டியிருக்கிறது.

கிராமங்களுக்குச் செல்லும் சுகாதார ஊழியர், கால்நடை மருத்துவ உதவியாளர், விவசாய விரிவாக்க ஊழியர், பஸ் போகாத ஊரிலுள்ள பள்ளிக்கு உடன் பணிபுரிபவரின் வண்டியில் செல்லும் ஆசிரியை முதலியோர் இதை நன்கு அறிவர். மாலையில் வீடு திரும்பும்போது இடுப்பில் தங்கிவிடும் வலி அவர்களுக்குப் பழகிப்போன ஒன்று. இதற்குப் பரிகாரமாகப் பலர் கடையில் ஒரு சாய்மானம் வாங்கிப் பொருத்திக்கொள்கின்றனர். சில நாட்களில், அது இல்லாமலே நன்றாக இருந்தது என்று கூறுவோரும் உண்டு. குறை மென்மை போதாமைதான் என்று எண்ணி அதன்மேல் மற்றோர் அடுக்கு ஃபோம் வைத்துத் தைக்கின்றனர். அப்போது சாய்மானம் இன்னும் முன்னே வந்து, அமர்பவரை ஓட்டுபவரின் முதுகோடு நெருக்குகிறது. வலியோ முன்போலவே இருக்கிறது.

இதற்குக் காரணம் எளியது. சாய்மானம் தரும் சௌகரியம், அது முதுகில் எந்த இடத்தைத் தொடுகிறது, எவ்வளவு பரப்பில் தொடுகிறது, எத்தனை உறுதியாக நிற்கிறது என்பவற்றைப் பொறுத்தது. மென்மை இம்மூன்றுக்கும் பின்னரே வருவது. வரிசையை மாற்றிச் செய்யும் வேலை பெரும்பாலும் வீணாகிறது.

சாய்மானம் நம் நாட்டுக்குப் புதிதன்று. ஒரு காலத்தில் வீதிகளில் மிகுதியாகக் காணப்பட்ட லாம்பிரெட்டா ஸ்கூட்டர்களில் ஸ்டெப்னி எனப்படும் மாற்றுச் சக்கரம் பின்னிருக்கைக்குப் பின்னால் பொருத்தப்பட்டிருந்தது. அதன்மேல் சாய்ந்தவாறே பிரயாணம் செய்தவர்கள் அநேகர். 2002-இல் வெளிவந்த ராயல் என்ஃபீல்டு தண்டர்பேர்டு, 2005-இல் வெளிவந்த பஜாஜ் அவெஞ்சர் போன்ற வண்டிகளில் உற்பத்தியாளரே பின்னிருக்கைக்குச் சாய்மானம் அமைத்துக் கொடுத்தனர். ஆயினும் நம் நாட்டில் ஓடும் மோட்டார் சைக்கிள்களில் பெரும்பாலானவற்றில் இருப்பது ஓர் இரும்புக் கைப்பிடி மட்டுமே. ஆகவே சாய்மானம் வேண்டுவோர் உள்ளூர்க் குஷன் கடையையும் வெல்டிங் பட்டறையையும் நாடவேண்டியவராகின்றனர். அங்கே என்ன கேட்பது என்று தெரிந்து செல்வது நல்லது.

முதுகு அமரும் விதம்

மனித முதுகெலும்பில் இடுப்புப் பகுதிக்கு உரியவை ஐந்து முள்ளெலும்புகள். நிற்கும்போது இப்பகுதி உட்புறமாக வளைந்திருக்கிறது. ஒருவரது முதுகைப் பக்கவாட்டில் பார்த்தால் பிட்டத்திற்கு மேலே ஒரு குழிவு தெரிவது இதனால்தான். நாம் அமர்ந்தவுடன் இடுப்புக்கூடு பின்னோக்கி உருளுகிறது; குழிவு தட்டையாகிறது. தசைகள் களைத்துவிட்டால் அது வெளிப்புறமாகவே வளைந்து கூன்போல் ஆகிவிடும். முள்ளெலும்புகளுக்கு இடையே வட்டமான மெத்தைகள்போல் அமைந்துள்ள தட்டுகள் அந்நிலையில் முன்புறம் நசுங்குகின்றன, பின்புறம் இழுபடுகின்றன.

நாற்காலியின் சாய்வுப் பகுதி இந்தக் குழிவைத் தாங்கவேண்டும் என்பதை ஸ்வீடன் நாட்டு மருத்துவர் பெங்ட் ஓகர்ப்ளூம் 1948-இல் வெளியிட்ட ஆராய்ச்சி நூலில் விளக்கினார். அதே நாட்டைச் சேர்ந்த ஆல்ஃப் நாக்கெம்சன் 1960-களில் உயிருள்ள மனிதரின் முள்ளெலும்புத் தட்டினுள் மெல்லிய ஊசியைச் செலுத்தி அங்குள்ள அழுத்தத்தை அளந்தார். சாய்மானமின்றி அமர்ந்திருப்பவரின் தட்டில் நிற்பவரைவிட அழுத்தம் அதிகம் என்று அவர் கண்டார். அவரும் ஆண்டர்சன் முதலியோரும் 1970-களில் தொடர்ந்து செய்த ஆராய்ச்சியில், சாய்மானத்தைப் பின்னோக்கிச் சரிப்பதாலும் இடுப்புக் குழிவுக்குத் தாங்கல் கொடுப்பதாலும் அழுத்தமும் தசைகளின் உழைப்பும் குறைவது தெரிந்தது.

1999-இல் ஜெர்மனியில் வில்கே என்பவரும் அவருடைய குழுவினரும் ஒரே ஒரு தன்னார்வலரிடம் மீண்டும் இந்த அளவைகளை எடுத்தனர். நிற்பதற்கும் தளர்வாக அமர்வதற்கும் இடையே முன்பு கூறப்பட்ட அளவுக்கு வேற்றுமை அவர்களுக்குத் தென்படவில்லை. நிற்கும்போது 0.50 மெகாபாஸ்கல், சாய்மானமின்றித் தளர்வாக அமர்ந்தபோது 0.46. ஆனால் முன்புறம் நன்றாகக் குனிந்து அமர்ந்தபோது அது 0.83 ஆக உயர்ந்தது. நாற்காலியில் நன்றாகச் சாய்ந்தபோது 0.27 ஆகக் குறைந்தது. பழைய அளவைக்கும் புதிய அளவைக்கும் மாறுபாடு இருப்பினும், கூனி அமர்வது கெடுதல், சாய்வது நன்மை என்பதில் இரண்டும் ஒன்றுபடுகின்றன. நமக்கு இங்கு வேண்டுவது அதுவே.

மோட்டார் சைக்கிளில் மற்றொரு சிக்கலும் சேருகிறது. பின்னிருக்கைக்குரிய கால்மிதி பல வண்டிகளில் உயரமாக இருக்கிறது. முழங்கால் இடுப்பைவிட மேலே வந்தால் தொடையின் பின்புறத் தசைகள் இடுப்புக்கூட்டைப் பின்னே இழுத்துவிடும். அப்போது எவ்வளவு நல்ல சாய்மானம் இருந்தாலும் குழிவு திரும்ப வருவதில்லை. உயரமானவர் ஒருவர் சாய்மானத்தைக் குறை கூறினால் முதலில் அவருடைய முழங்காலைப் பார்க்கவேண்டும்.

தொடும் இடம்

ஒரு சிறு கணக்கைப் பார்ப்போம். வகுப்பில் நெம்புகோல் பாடம் நடத்தும் ஆசிரியர்களுக்கு இது பயன்படக்கூடும். பின்னால் அமர்ந்திருப்பவரின் எடை 60 கிலோகிராம் என்று கொள்வோம். அதில் தலை, கைகள், உடற்பகுதி ஆகியவை சேர்ந்து ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு, அதாவது 40 கிலோகிராம். நின்ற வண்டி புறப்பட்டு 5 வினாடிகளில் மணிக்கு 36 கிலோமீட்டர் வேகத்தை அடைந்தால் முடுக்கம் வினாடிக்கு வினாடி 2 மீட்டர். இந்த மேலுடல் பின்னே தள்ளப்படும் விசை 80 நியூட்டன். சுமார் 8 கிலோகிராம் எடைக்குச் சமம். பத்துக்கு ஒன்று என்ற ஏற்றத்தில் செல்லும்போது இதனுடன் இன்னும் 4 கிலோகிராம் சேரும்.

மேலுடலின் எடைமையம் இருக்கைக்கு மேலே சுமார் 30 சென்டிமீட்டர் உயரத்தில் இருப்பதாகவும், உடல் இடுப்பில் கீல்போல் திரும்புவதாகவும், தசைகள் எவ்வித உதவியும் செய்யவில்லை என்றும் வைத்துக்கொண்டால், 20 சென்டிமீட்டர் உயரத்தில் உள்ள சாய்மானம் 12 கிலோகிராம் விசையைத் தாங்கவேண்டும். 10 சென்டிமீட்டர் உயரத்தில் உள்ள கைப்பிடிக் கம்பிக்கு 24 கிலோகிராம். 40 சென்டிமீட்டர் உயரத்தில் உள்ள தாங்கிக்கு 6 கிலோகிராம். பின்னே வளைந்த வெறுங்கம்பியில் சாய்பவருக்கு ஏன் அவ்வளவு வலிக்கிறது என்பது இதிலிருந்து விளங்கும். தாழ்வாக இருப்பதால் விசை அதிகம். மெல்லியதாக இருப்பதால் பரப்பு குறைவு.

அப்படியானால் உயரமான சாய்மானமே மேலானது என்று எண்ணத் தோன்றும். அது சரியன்று. தோள்பட்டை எலும்பை மட்டும் தொடும் தாங்கி மேல்முதுகை முன்னே தள்ளுகிறது. கீழ்முதுகு ஆதரவின்றித் தொங்குகிறது. கூன் இன்னும் அதிகமாகிறது. தலைக்கவசத்தின் பின்புற விளிம்பும் மிக உயரமான சாய்மானத்தில் இடிக்கும். எனவே தாங்கியின் நடுப்பகுதி, ஆள் அமர்ந்து இருக்கை அமுங்கிய பிறகு, அவ்விருக்கையின் மட்டத்திலிருந்து 18 முதல் 22 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்குமாறு அமைப்பது பெரும்பாலோருக்குப் பொருந்தும். இடைவாரின் மேல்விளிம்பிலிருந்து விலா எலும்பின் கீழ்விளிம்பு வரையுள்ள இடத்தைத் தாங்கி தழுவவேண்டும் என்று பட்டறைக்காரரிடம் கூறினால் போதும். குறுகிய உருவம் உடையவருக்கு இதையும் சற்றுக் குறைக்கலாம்.

தாங்கிக்கும் இருக்கைக்கும் இடையே சுமார் 10 அல்லது 12 சென்டிமீட்டர் வெற்றிடம் விடுவது மிக அவசியம். பிட்டம் முதுகைவிடப் பின்னே துருத்திக்கொண்டிருக்கிறது. சாய்மானம் இருக்கையிலிருந்தே நேராக எழும்பினால் முதலில் தொடுவது பிட்டம்தான். முதுகு எட்டாமலே நின்றுவிடும். பிரயாணி முதுகைச் சாய்க்க முயன்றால் இடுப்பை முன்னே நகர்த்தவேண்டும். இடுப்பு நகர்ந்தால் மீண்டும் கூன். கடைகளில் விற்கப்படும் அழகான சாய்மானங்கள் பலவற்றில் உள்ள குறை இதுவே. கார் இருக்கையைப்போல் தோன்றவேண்டும் என்பதற்காக அடிவரை மெத்தை வைத்துவிடுகின்றனர். பஞ்சு குறைந்தாலும் அடியில் திறப்பு உள்ள தாங்கியே மேல்.

முன்பின் இடமும் கவனிக்கவேண்டியதே. தாங்கி மிகவும் பின்னால் இருந்தால் அதை எட்டுவதற்காகவே பிரயாணி சரிந்து அமர்வார். மிகவும் முன்னால் இருந்தால் இருவருக்கும் இடம் போதாது. அவசரமாக வண்டியை நிறுத்தும்போது இருவரின் தலைக்கவசங்களும் மோதும். நேராக நிமிர்ந்து அமர்ந்தவரின் முதுகுக்கும் தாங்கிக்கும் இடையே இரண்டு விரல் நுழையும் அளவு இடைவெளி இருப்பது உகந்தது. தாங்கி செங்குத்தாக நில்லாமல் 10 பாகை அளவு பின்னே சரிந்திருக்கவேண்டும். அதற்குமேல் சரித்தால் பிரயாணியின் எடை பின்சக்கரத்தின் அச்சுக்கு அப்பால் செல்லத் தொடங்கும். முன்சக்கரம் இலேசாகி, ஏற்றத்தில் வண்டியின் பிடி தளரும்.

மென்மை எவ்வளவு?

10 பாகை சரிந்து முழுவதும் தளர்ந்து சாய்பவர், மேற்சொன்ன கணக்கின்படி, வண்டி சீராக ஓடும்போதுகூடத் தாங்கியின்மேல் சுமார் 10 கிலோகிராம் விசையைச் செலுத்துகிறார். வெறுங்கம்பியில் முதுகு தொடும் பரப்பு 20 சதுர சென்டிமீட்டர் என்றால், ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரின்மேலும் 500 கிராம் விழுகிறது. அதே விசையை 25 சென்டிமீட்டர் அகலமும் 16 சென்டிமீட்டர் உயரமும் உள்ள மெத்தை முழுப் பரப்பிலும் ஏற்றால் 25 கிராம்தான். தோலிலுள்ள நுண்ணிய இரத்தக் குழாய்களின் தமனிப் பக்கத்து முனையில் இரத்த அழுத்தம் சராசரியாகச் சுமார் 32 மில்லிமீட்டர் பாதரசம் என்று யூஜீன் லாண்டிஸ் 1930-இல் அளந்தறிந்தார். இது சதுர சென்டிமீட்டருக்கு 43 கிராமுக்கு ஒப்பானது. அதைவிடப் பன்மடங்கு அதிகமான அழுத்தம் நெடுநேரம் நீடித்தால் அவ்விடத்தில் இரத்த ஓட்டம் தடைப்படும்; மரத்துப்போதலும் எரிச்சலும் அதன் அறிகுறிகள்.

மெத்தையின் பணி இந்தப் பகிர்வைச் செய்வதுதான். ஆனால் மிகவும் மென்மையான ஃபோம் முழுவதும் நசுங்கிவிடும். நசுங்கியபின் முதுகு தொடுவது அடியிலுள்ள பலகையை. அதாவது மெத்தை இருந்தும் இல்லாததற்குச் சமம். கடையில் விரலால் அழுத்திப் பார்த்து வாங்குபவர் எப்போதும் ஏமாறுவது இங்கேதான். விரலின் விசை வேறு, முதுகின் விசை வேறு. அடியில் கெட்டியான ஃபோம் 25 மில்லிமீட்டரும், மேலே மென்மையான ஃபோம் 12 அல்லது 15 மில்லிமீட்டரும் வைத்து ஒட்டுவதே நல்ல முறை. கெட்டி அடுக்கு தாங்குகிறது. மெல்லிய அடுக்கு முதுகின் மேடுபள்ளங்களுக்கு இணங்குகிறது. மொத்தம் 4 சென்டிமீட்டருக்கு மேல் தேவைப்படுவது அரிது.

ஓட்டோ பேயரும் அவருடன் பணியாற்றியவர்களும் 1937-இல் ஜெர்மனியில் கண்டுபிடித்த பாலியூரித்தேன் என்ற பொருளின் வழிவந்ததே இன்று குஷன் கடைகளில் விற்கப்படும் ஃபோம். அதற்கு முன்னரே, 1929-இல், இங்கிலாந்தில் டன்லப் நிறுவனத்தார் ரப்பர்ப் பாலை நுரைக்கச் செய்து மெத்தை தயாரித்திருந்தனர். நம் நாட்டில் ரப்பர்ப் பால் தெளித்து இறுக்கிய தேங்காய் நாரும் கிடைக்கிறது. அது ஃபோமைவிடக் கடினமானது; ஆயினும் காற்று எளிதில் புகுந்து வெளிவருவதால் வியர்வை தங்காது. அடியடுக்குக்கு அதைப் பயன்படுத்தலாம் என்பது எமது கருத்து. விண்வெளி ஆராய்ச்சிக்காக அமெரிக்காவில் 1966-இல் உருவாக்கப்பட்ட, 'மெமரி ஃபோம்' என்று விற்கப்படும் பொருளைப் பலர் சிறப்பித்துக் கூறுவர். அது குளிரில் இறுகும், வெப்பத்தில் இளகும். லடாக்கின் காலை வேளைக்கும் ராஜஸ்தானத்தின் மேமாதப் பகலுக்கும் அது ஒரே பொருளாக இராது. அதற்காகக் கூடுதலாகச் செலவிட வேண்டியதில்லை.

கடைக்காரர் '32 டென்சிட்டி', '40 டென்சிட்டி' என்று கூறுவது ஒரு கன மீட்டர் ஃபோமின் எடையைக் கிலோகிராமில் குறிப்பது. இது கெட்டித்தன்மையின் அளவு அன்று என்பதை நினைவிற் கொள்ளவேண்டும். ஒரே அடர்த்தியில் மெத்தென்ற ஃபோமும் உண்டு, கெட்டியான ஃபோமும் உண்டு. அடர்த்தி அதிகமானால் பொதுவாக நாட்பட உழைக்கும். கடைக்காரரின் சொல்லைச் சோதிப்பது எளிது. 20 சென்டிமீட்டர் நீளமும் 20 சென்டிமீட்டர் அகலமும் 5 சென்டிமீட்டர் கனமும் உள்ள துண்டை நிறுத்துப் பார்த்தால் 32 அடர்த்திக்கு 64 கிராமும், 40 அடர்த்திக்கு 80 கிராமும் இருக்கவேண்டும். கெட்டித்தன்மையை அறிய அதே துண்டின்மேல் ஒரு பலகையை வைத்து, ஒரு கிலோகிராம் உப்புப் பொட்டலங்களை ஒவ்வொன்றாக அடுக்கி, ஒவ்வொரு முறையும் ஃபோம் எவ்வளவு தாழ்கிறது என்பதை அளவுகோலால் குறித்துக்கொண்டு வரைபடம் போடலாம். கோடு முதலில் மெதுவாகவும், பின்னர் வேகமாகவும், ஃபோம் நசுங்கி முடியும் தறுவாயில் மீண்டும் மெதுவாகவும் தாழ்வதை மாணவர்கள் காண்பர். ஹூக்கின் விதிக்கு எல்லைகள் உண்டு என்பதைக் காட்ட இதைவிடச் செலவு குறைந்த சோதனை அரிது.

மெத்தையின் முகம் தட்டையாக இருப்பதைவிட, இரு ஓரங்களும் சற்று முன்னே வளைந்து முதுகைத் தழுவுவது நல்லது. நடுவே மேலிருந்து கீழாக இரண்டு விரல் அகலத்துக்கு ஓர் ஆழமற்ற பள்ளம் விட்டால் முள்ளெலும்புகளின் கூர்மையான பின்முனைகள் அழுந்தா. இருபுறத் தசைகளே பாரத்தை ஏற்கும். மெலிந்த முதியோருக்கு இந்தப் பள்ளம் பேருதவியாகும்.

மேலுறைக்குக் கறுப்பு ரெக்ஸினையே எல்லோரும் தைக்கின்றனர். வெயிலில் நிறுத்திய வண்டியில் அது எவ்வாறு சுடும் என்பது தெரிந்ததே. வெளிர்நிறமும் சிறு துளைகளும் உள்ள ரெக்ஸின் இதற்கு மேலானது. ஆனால் மழை மிகுந்த அஸ்ஸாம், கேரளம் போன்ற பகுதிகளில் துளை வழியாகவும் தையல் வழியாகவும் நீர் இறங்கி ஃபோமில் தங்கிவிடும். உறைக்கு அடியில் ஒரு பிளாஸ்டிக் தாள், பலகையில் நீர் வடிய இரண்டு துளைகள், தையலை முகப்பில் வைக்காமல் ஓரத்தில் வைத்தல் ஆகியவை போதும்.

அதிர்வு

நேராக அமர்ந்திருக்கும் மனித உடல் வினாடிக்கு 4 முதல் 6 வரையிலான மேல்கீழ் அதிர்வுகளுக்குத்தான் மிகுதியாக இசைந்து ஆடுகிறது. பாதையில் 2 மீட்டருக்கு ஒரு மேடு இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 36 கிலோமீட்டர் வேகத்தில் வினாடிக்கு 5 குலுக்கல். இது நேரே அந்த எல்லைக்குள் விழுகிறது. வேகத்தைப் பாதியாக்கினால் இரண்டரையாகக் குறைந்துவிடும். சில பாதைகளில் சற்று மெதுவாகச் சென்றாலே வலி குறைவதன் இரகசியம் இதுதான்.

ஃபோம் இந்தக் குறைந்த அதிர்வெண்ணைத் தடுக்காது. சில சமயம் பெருக்கவும் செய்யும். அது தடுப்பது எஞ்சினிலிருந்து வரும் நுண்ணிய அதிர்வுகளை. நிமிடத்திற்கு 3,000 சுற்று ஓடும் எஞ்சினில் அவை வினாடிக்கு 50. குலுக்கலைக் குறைப்பது பின்சக்கரத்தின் ஸ்பிரிங்கும் டயரும் செய்யவேண்டிய வேலை. பல வண்டிகளில் பின்ஸ்பிரிங்கின் இறுக்கத்தைப் படிப்படியாக மாற்ற வசதி உண்டு. இருவர் செல்வதற்குரிய படியில் அதை வைப்பவர் சிலரே. டயரின் காற்றழுத்தமும் அப்படியே. வண்டியோடு தரப்பட்ட கையேட்டில் இருவருக்கென்று தனி அளவு குறிப்பிடப்பட்டிருக்கும். சாய்மானத்திற்குச் செலவிடுமுன் இவ்விரண்டையும் சரிபார்க்க ஐந்து நிமிடம் போதும், செலவும் இல்லை.

ஒருபக்கமாக அமர்பவர்

இதுவரை கூறியவை யாவும் இருபுறமும் கால்போட்டு அமர்பவரைக் குறித்தவை. ஆனால் நம் நாட்டில் புடவை உடுத்திய பெண்கள் பலர் இடப்பக்கம் நோக்கி ஒருபக்கமாகவே அமர்கின்றனர். அவர்களுக்குச் சாய்மானம் முதுகுக்கு வருவதில்லை. இடது இடுப்பிலும் இடது தோளிலும் படுகிறது. சாய்மானம் செய்வோர் இவர்களை நினைப்பதே இல்லை. வண்டி புறப்படும்போது தாங்கியின் ஓரம் இடுப்பெலும்பில் இடித்துக் கன்றச் செய்கிறது.

இதற்குப் பெரிய மாற்றம் எதுவும் வேண்டியதில்லை. தாங்கியின் இடப்பக்க ஓரத்தையும் மேல் ஓரத்தையும் ஃபோம் மடித்துத் தைத்து உருண்டையாக்கவேண்டும்; பலகையின் விளிம்போ குழாயின் முனையோ எங்கும் வெளியே தெரியலாகாது. தாங்கியின் பின்புறச் சட்டத்தில் இடக்கையால் பற்றிக்கொள்ளுமாறு ஒரு குழாய்ப் பகுதியை மெத்தையின்றி விடவேண்டும். ஒருபக்கமாக அமர்பவருக்கு வேண்டுவது சாய்வதைவிடப் பற்றுவதே. அவர் உடலின் எடை வண்டியின் நடுக்கோட்டிலிருந்து விலகி நிற்கிறது. கைக்குப் பிடியில்லையேல் ஒரு சிறு குலுக்கலும் அவரை இறக்கிவிடப் போதுமானது. மத்திய மோட்டார் வாகன விதிகளில், 1989, 123-ஆவது விதி பின்னிருக்கைக்குக் கைப்பிடி, கால்மிதி, பின்சக்கரத்தில் பாதிக்குக் குறையாமல் மூடும் புடவைக் காப்பு ஆகியவை இருக்கவேண்டும் என்று கூறுகிறது. சாய்மானத்தைப் பொருத்த இடமில்லை என்று கூறிப் பட்டறைக்காரர் கைப்பிடியையோ புடவைக் காப்பையோ கழற்ற முற்பட்டால் அந்த வேலையை அவரிடம் கொடுக்கலாகாது.

கைக்குழந்தையை அணைத்துக்கொண்டு ஆரம்பச் சுகாதார நிலையத்திற்குச் செல்லும் தாய்க்கு இரு கைகளும் ஒழிவில்லை. அவளுக்குக் கைப்பிடி பயனற்றது. பின்னே சாயாமல் தடுப்பது தாங்கி ஒன்றே. அவள் இருபுறமும் கால்போட்டு அமர்வது மிகவும் நல்லது. ஆயினும் சாய்மானம் பின்னே விழுவதை மட்டுமே தடுக்கும். பக்கவாட்டில் விழுவதையோ முன்னே எறியப்படுவதையோ அது தடுப்பதில்லை. நான்கு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு ஓட்டுபவருடன் இணைக்கும் வார்க்கச்சையும் தலைக்கவசமும் வேண்டும், வேகம் மணிக்கு 40 கிலோமீட்டரைத் தாண்டக்கூடாது என்று 2022-இல் வெளியிடப்பட்ட விதித் திருத்தம் கூறுவதை ஊழியர்கள் தாய்மார்களுக்கு எடுத்துரைக்கலாம். பிரயாணியைத் துணியாலோ கயிற்றாலோ சாய்மானத்தோடு கட்டும் பழக்கம் சில இடங்களில், குறிப்பாக நோயாளிகளை அழைத்துச் செல்லும்போது, காணப்படுகிறது. இது மிகவும் ஆபத்தானது. வண்டி சாய்ந்தால் அவர் வண்டியோடு இழுபடுவார். தானே அமர முடியாத நோயாளிக்கு மோட்டார் சைக்கிள் ஏற்ற வாகனம் அன்று.

2022-ஆம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் உயிரிழந்தோர் 1,68,491 பேர். அவர்களில் நூற்றுக்கு 44 பேருக்கு மேல் இரு சக்கர வண்டிகளில் சென்றவர்கள். சாய்மானம் தரும் நிம்மதியில் தலைக்கவசத்தை மறந்துவிடலாகாது. பின்னால் அமர்பவருக்கும் அது சட்டப்படி கட்டாயம்.

பொருத்துதல்

தாங்கியின்மேல் 12 கிலோகிராம் விசை 20 சென்டிமீட்டர் உயரத்தில் படும்போது இருக்கை மட்டத்தில் உண்டாகும் திருப்புத்திறன் 240 கிலோகிராம்-சென்டிமீட்டர். குலுக்கலில் இது இரண்டு மூன்று மடங்காகும். ஒரே இடத்தில் இரண்டு போல்ட்டுகளால் பிடிக்கப்பட்ட தாங்கி சில மாதங்களில் ஆடத் தொடங்குவதில் வியப்பில்லை. ஆடும் சாய்மானம் இல்லாத சாய்மானத்தைவிடக் கெடுதல். தசைகள் அதை நம்பித் தளர்ந்திருக்கும் வேளையில் அது பின்வாங்குகிறது. எனவே ஒவ்வொரு பக்கத்திலும் முன்னும் பின்னுமாக இரண்டு இடங்களில், வண்டியின் சட்டத்தில் ஏற்கெனவே உள்ள துளைகளில் பொருத்தவேண்டும். மட்கார்டின் மெல்லிய தகட்டில் பொருத்தலாகாது. சட்டத்தை அறுப்பதும் அதில் புதிதாக வெல்டிங் செய்வதும் அதன் வலுவைக் குறைக்கும். பதிவுச் சான்றில் கண்ட விவரங்கள் மாறுபடும்படி வண்டியை மாற்றி அமைப்பதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவும் தடுக்கிறது. பின்விளக்கும் எண்பலகையும் மறையக்கூடாது. தானே கழன்றுவிடாத நைலான் நட்டுகளையும் முனை மூடிய நட்டுகளையும் பயன்படுத்தினால் ஆடை கிழியாது.

உயரத்தை மாற்றிக்கொள்ளும் வகையில் தாங்கியின் கால்களில் வட்டத் துளைகளுக்குப் பதில் 5 சென்டிமீட்டர் நீளமுள்ள நீள்துளைகள் இட்டால், வீட்டிலுள்ள வெவ்வேறு உயரத்தினரும் பயன்படுத்தலாம். இதற்குப் பட்டறையில் கூடுதலாகச் சில நிமிட வேலைதான்.

மெத்தை தைப்பதற்கு முன்னரே ஒரு சோதனை செய்து பார்ப்பது நல்லது. பலகையின்மேல் ஃபோமை வைத்துக் கறுப்புத் துணியால் இழுத்துக் கட்டி, அதன்மேல் சாக்குக்கட்டிப் பொடியைச் சீராகத் தூவவேண்டும். பிரயாணி பழைய சட்டை ஒன்றை அணிந்து அமர்ந்து, வழக்கமான பாதையில் ஒரு கிலோமீட்டர் சென்று வரட்டும். பொடி அழிந்த இடங்கள் முதுகு தொட்ட இடங்கள். நடுவில் ஒரு சிறு புள்ளி மட்டும் அழிந்திருந்தால் மெத்தை கெட்டியாகவோ தட்டையாகவோ இருக்கிறது. மேல்விளிம்பு மட்டும் அழிந்திருந்தால் தாங்கி போதிய அளவு பின்னே சரியாமல் நிமிர்ந்திருக்கிறது. கீழ்விளிம்பு மட்டும் அழிந்திருந்தால் பிட்டத்திற்கு இடம் போதவில்லை. இருபுறமும் அகலமான இரண்டு பட்டைகளும் நடுவே அழியாத ஒரு கோடும் தெரியும்வரை தாங்கியை உயர்த்தியும் தாழ்த்தியும் பார்த்துவிட்டு, அதன்பின் ரெக்ஸினைத் தைக்கக் கொடுக்கலாம்.